உகாதி வெற்றிலை

இந்தியாவில் என் முதல் வேலையை நான் கேட்டு வாங்கவில்லை; மென்று வாங்கினேன். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நான் கதை விடுவதாக நினைக்கிறார்கள். அதனால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்தது பர்மாவில். ரங்கூனிலிருந்து படகில் ஒரு நாள் தூரத்தில் இருந்த ஒரு நெல் ஆலை ஊர். அப்பா அந்த ஆலையில் எஞ்சின் பார்த்தவர். பதினாறு வயதில் நானும் எஞ்சின் அறைக்குள் போய்விட்டேன். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு அங்கே ஒருவருக்கொருவர் சுட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். ஆலை எரிந்தது. அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அம்மாவும் நானும் ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறினோம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே அப்பாவின் பெரிய ஸ்பானர் ஒன்று இருந்தது.

நம் நாட்டுக்குப் போகிறோம் என்று கப்பல் முழுக்கப் பேச்சு. சென்னையில் இறங்கி ரயிலேறி, ஜோலார்பேட்டையில் இறங்கி, கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஓசூருக்கு ஒரு பஸ் என்று மாறி, கடைசியில் மாட்டுவண்டியில் பாகலூர்ப் பக்கம் அப்பாவின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த நம் நாட்டில் ஒருவர் பேசுவதும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. பெரியப்பா என்னிடம் தமிழில் ஆரம்பிப்பார், நடுவில் மாட்டைத் தெலுங்கில் அதட்டுவார், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக் கன்னடத்தில் முடிப்பார். மூன்றையும் மூன்று பாஷை என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. பர்மாவில் எங்களைக் 'கலா' என்பார்கள். அயல்நாட்டான் என்று அர்த்தம். இங்கே வந்த மறுநாளே எனக்கு ரங்கூன்காரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்தத் தேசத்திலும் நான் இன்னொரு தேசத்து ஆள்தான்.

பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையின் ஒரு கோடியைத் தடுத்து எங்களுக்குக் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரே வேறொருவர் நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுது கொண்டிருந்தவர். அம்மா மட்டும் சாப்பிட உட்காரும்போது தட்டைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துக் கொள்வாள். அடுத்தவர் வீட்டுச் சோறு என்ற கூச்சம். அதைப் பார்த்த முதல் நாளே முடிவு செய்தேன்: வேலை தேடுவேன், அதுவும் எஞ்சின் வேலைதான் தேடுவேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதில் நான் மட்டமில்லை.

தேடுவதற்கு என்னிடம் இருந்தது காது. பர்மாவில் ஓர் ஊருக்கு வெளியே நின்று கேட்டால் போதும், அங்கே எத்தனை ஆலை ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். இங்கே நடையாய் நடந்தேன். காற்றும் மாட்டு மணியோசையும்தான் கேட்டன. சந்தை நாளில் குந்தாரப்பள்ளிக்குப் போனேன். ஒரே இடத்தில் அத்தனை மாடுகளை நான் பார்த்ததே இல்லை, ஆனால் ஒரு எஞ்சின் கிடையாது. பெங்களூருக்குப் போனேன். ஒரு தொழிற்சாலை வாசலில் சர்டிபிகேட் கேட்டார்கள். என்னிடம் இருந்த ஒரே காகிதம் பர்மிய எழுத்தில் இருந்தது. வாசல்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் இப்படி அலைந்த பிறகு, ஓசூரில் ஒரு தகரக் கொட்டகை முன்னால் லாரியிலிருந்து பெரிய மரப்பெட்டி ஒன்றை இறக்கிக் கொண்டிருந்ததைப் பார்த்தேன். பலகை இடுக்கில் சக்கரத்தின் விளிம்பு தெரிந்தது. என் கால்கள் தாமாக நின்றுவிட்டன. நிலக்கடலைத் தோல் உடைக்கும் மில் போடுகிறார்கள் என்றார்கள். முதலாளி சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர், அவரும் ஊருக்குப் புதுசு. நேராகப் போய், இந்த எஞ்சினை எனக்கு ஓட்டத் தெரியும் என்றேன்.

"பெட்டியே இன்னும் பிரிக்கல. என்ன எஞ்சின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

சக்கரத்தின் அளவையும் பெட்டியின் நீளத்தையும் வைத்துச் சொன்னேன். ஒற்றை சிலிண்டர், அதன் தலையை ஊதுவிளக்கால் சுட வைத்துத்தான் கிளப்ப வேண்டும் என்றேன். அவர் பலகையைப் பெயர்க்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "திங்கக்கிழம உகாதி. அது கழிஞ்சு பொதங்கிழம வா. எஞ்சின உக்கார வெக்கப் போறோம். அன்னைலருந்து நீ ஆளு" என்றார். ஊர் திரும்பும் வழியெல்லாம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

தெலுங்கு, கன்னடக்காரர்களின் வருஷப் பிறப்பான உகாதியன்று காலை பெரியப்பாவின் நிலத்துக்காரி என்னை வரச் சொல்லி அனுப்பினார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். கணவரை இழந்தவர், தெலுங்கு பேசுகிறவர். நிலம், மாடு, ஆள் எல்லாவற்றையும் ஒண்டியாகக் கட்டி மேய்த்துக் கொண்டிருந்தார். ஊரில் ஆண்கள் அவர் எதிரில் துண்டைத் தோளிலிருந்து இறக்கிவிடுவார்கள். அவர் வீட்டு முற்றத்தில் ஏற்கெனவே நான்கு பேர் நின்றிருந்தார்கள். விருந்தாளிகள் என்று நினைத்து நானும் பக்கத்தில் போய் நின்றேன். வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து கையில் வைத்தார். அடுத்து வெற்றிலை பாக்குத் தட்டு வந்தது. நான்கு பேரும் ஒவ்வொருவராகக் குனிந்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்கள். எனக்கும் தட்டு நீண்டது.

பர்மாவில் எந்த வீட்டுப் படி ஏறினாலும் முதலில் வெற்றிலை வரும். மறுத்தால் வீட்டுக்காரர் முகம் சுண்டிப் போகும். அங்கேயே போட்டு மென்று, நன்றாயிருக்கிறது என்று சொன்னால்தான் மரியாதை. நானும் எடுத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, அவர்கள் கண்ணெதிரிலேயே வாயில் போட்டு மென்றேன். "வெத்தல நல்லாயிருக்கும்மா" என்று வேறு சொன்னேன். நால்வரில் ஒருவர் சிரிப்பை அடக்கிக் கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

"அப்ப நாளைக்கு விடியறதுக்குள்ள மாடு கட்ட வந்துருப்பா" என்றார் அந்த அம்மா.

ஏதோ ஒரு நாள் ஒத்தாசை கேட்கிறார், பெரியப்பாவின் நிலத்துக்காரி ஆயிற்றே என்று செவ்வாய்க்கிழமை முழுக்கப் போய் வியர்க்க வியர்க்க வேலை செய்தேன். பெரியப்பா அன்று சாயங்காலம் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அதற்கும் எனக்குக் காரணம் விளங்கவில்லை.

புதன்கிழமை குளித்து, ஸ்பானரைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓசூருக்குப் போனேன். முதலாளி என்னைக் கொட்டகைக்குள் விடவில்லை. வாசலிலேயே நிறுத்தினார்.

"நீ பாகலூர்ப் பக்கம் அந்த அம்மா வீட்டு வெத்தலைய வாங்கிட்டியாமே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

வெற்றிலைக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கங்களில் உகாதியன்று நிலத்துக்காரர் கையால் வெற்றிலை வாங்கினால், அடுத்த உகாதி வரைக்கும் அவருடைய பண்ணையாள். காகிதம் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. வருஷத்துக்கு இவ்வளவு ராகி, ஒரு கம்பளி, ஒரு ஜோடி செருப்பு. இடையில் விட்டுப் போகிறவனை அக்கம்பக்கத்தில் யாரும் வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள்.

"நானே ஊருக்குப் புதுசு. அவங்க தோட்டத்துக் கடலை எனக்கு வேணும். அவங்க ஆள இழுத்துட்டேன்னு பேரு வந்தா நான் மில் ஓட்ட முடியாது. பெங்களூர்லருந்து ஒருத்தர வரச் சொல்லிட்டேன், நீ போயிக்கோ" என்றார். கொட்டகைக்குள் பெட்டி பிரித்துக் கிடந்தது. எஞ்சினில் இன்னும் கிரீஸ்கூடத் துடைக்கவில்லை.

நேராக அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். எனக்கு வந்த கோபத்தில் வழியில் செருப்பு அறுந்ததுகூடத் தெரியவில்லை. தெரியாமல் வாங்கிவிட்டேன், என்னை விட்டுவிடுங்கள் என்றேன்.

"வாங்குனியா இல்லியா?" என்றார்.

"வாங்குனேன். ஆனா அர்த்தம் தெரியாது."

"மத்தவங்க மடியிலதான் கட்டிக்கிட்டாங்க. நீ மென்னே தின்னுட்ட. எதத் திருப்பிக் குடுப்ப?" என்று கேட்டுவிட்டு முறத்தில் இருந்த ராகியைப் புடைக்க ஆரம்பித்தார். அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. வடக்கே நடந்தேன். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மைசூர் ராஜ்யம். எல்லை என்று ஒரு கல் நட்டிருந்தார்கள், அவ்வளவுதான். இந்தப் பக்கம் சேலம் ஜில்லாவின் புழுதி, அந்தப் பக்கம் அதே புழுதி. கல்லின் மேல் உட்கார்ந்தேன். அதைத் தாண்டினால் இந்த வெற்றிலையைப் பற்றி எவனும் கேட்கப் போவதில்லை. பெங்களூரில் மூட்டை தூக்கியாவது பிழைத்துக்கொள்ளலாம், பிறகு அம்மாவை அழைத்துக்கொள்ளலாம். காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பதுதான் பாக்கி.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், நன்றாக அழுதேன். ஒரு தேசத்தை விட்டு ஓடி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அங்கே எங்களைத் துரத்தினார்கள், ஓடினோம். அதில் எங்கள் தப்பு எதுவும் இல்லை. இங்கே என்னை யாரும் துரத்தவில்லை. ஓடினால் நானாக ஓடியதாகும். பெரியப்பாவின் நிலம் போகும், வெற்றிலையைத் தின்றுவிட்டு ஓடியவனின் தாய் என்று அம்மாவைச் சொல்வார்கள். அந்த அம்மா என்னை ஏமாற்றியிருந்தால் அது அவர் கணக்கு. நான் இன்னொரு முறை ஓடுவதில்லை என்று கல்லிலிருந்து எழுந்தேன். ஆனால் எஞ்சினையும் விடுவதில்லை.

மறுநாள் விடியுமுன் அவர் முற்றத்தில் நின்றேன். அந்த நான்கு பேரும் இருந்தார்கள். இங்கே திங்கட்கிழமை மாட்டை ஏரில் பூட்டுவதில்லை என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். மாடு சிவனின் வாகனம், அன்றைக்கு அதற்கு ஓய்வு.

"வருஷம் பூரா இருக்கறேன். மாடு கட்டாத நாள் மட்டும் எனக்கு வேணும்" என்றேன்.

"மாட்டுக்குத்தான்ப்பா திங்கக்கிழம. ஆளுக்கு ஏது?"

"புல் அறுத்துப் போட்டு, கொட்டாய் கூட்டிட்டுத்தான் போவேன். இருட்டறதுக்குள்ள வந்துருவேன்."

அவர் போய்த் தொலை என்பதுபோலக் கையை ஆட்டினார். நான் நகரவில்லை.

"அதுக்கு ஒரு வெத்தல குடுங்கம்மா" என்றேன்.

நால்வரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார், அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. உள்ளே போய் ஒரு வெற்றிலையும் ஒரு பாக்கும் கொண்டுவந்து நீட்டினார். அதை நான் மெல்லவில்லை. மடியில் கட்டிக்கொண்டேன்.

அந்த வருஷத்து வேலையை விவரித்தால் படிப்பவருக்கு முதுகு வலிக்கும். மாடுகள் சரிவில் இறங்கித் தோல் சாலில் கிணற்றுத் தண்ணீரை இழுக்கும் கபிலை ஏற்றத்தில் என்னை நிறுத்தினார்கள். அந்த மாடுகள் ஆந்திரப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வந்தவை, அவற்றுக்குத் தெலுங்குதான் தெரியும். நான் தமிழில் கெஞ்சினேன், பர்மிய மொழியில் திட்டினேன். அவை அசைபோட்டுக்கொண்டு நின்றன. 'ஆகு' என்றால் நிற்கும், 'வெனக்கு' என்றால் பின்னால் ஏறும் என்று கற்றுக்கொண்டேன். தெலுங்கில் நான் முதலில் பேசியது மாடுகளோடுதான். பல மாதங்கள் மனிதர்களோடு பேசும்போதும் அந்த அதட்டல் என் தெலுங்கில் இருந்தது.

திங்கட்கிழமைகளில் புல்லை அறுத்துப் போட்டுவிட்டு ஓசூருக்கு நடப்பேன். முதல் சில வாரம் முதலாளி என்னைக் கண்டுகொள்ளவில்லை. பெங்களூர் எஞ்சின்காரர் என்னைக் கிட்டவே விடவில்லை. வாசலில் உட்கார்ந்து எஞ்சின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு, கேட்காமலே கடலைத் தூசியைக் கூட்டினேன். அடுத்து எண்ணெய்த் துணிகளைத் துவைத்துப் போட்டேன். ஒரு திங்கட்கிழமை எஞ்சின் ஓடும் சத்தத்தில் ஏதோ தட்டியது. பெல்ட் ஓரம் பிரிகிறது, நிறுத்துங்கள் என்றேன். எஞ்சின்காரர் முறைத்தார். இருந்தும் நிறுத்தினார். பெல்ட்டின் தையல் பாதிக்கு மேல் விட்டிருந்தது. அன்றிலிருந்து ஸ்பானரைக் கையில் கொண்டுபோக ஆரம்பித்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடலை பிடுங்கும் நாட்கள் வந்தன. ஆள் பற்றாத நேரம். ஒரு திங்கட்கிழமை அந்த அம்மா வழியை மறித்தார்.

"இன்னைக்கு எங்கியும் போவ வேணாம். கொல்லையில கடலை கெடக்குது."

மடியிலிருந்து அந்த வெற்றிலையை எடுத்துக் காட்டினேன். காய்ந்து சருகாகி, ஓரம் உதிர்ந்து, காம்பு மட்டும் உறுதியாக இருந்தது. அதை வாங்கிப் பார்த்தார்.

"இத இன்னும் வெச்சிருக்கியா?"

"நீங்க குடுத்ததும்மா."

திருப்பிக் கொடுத்துவிட்டு வழியை விட்டார். நான் நாலடி போன பிறகு பின்னாலிருந்து சொன்னார்: "அன்னைக்கு உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தட்ட நீட்டுனேன். எனக்கு ஆள் இல்லாத வருஷம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிச் சொன்னதற்காக அவரை மன்னித்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது உண்மையில்லை. ஓசூர் வரும்வரை கோபம் அடங்கவில்லை. சாயங்காலம் திரும்பிவந்து, இருட்டும்வரை அவர் கொல்லைக் காட்டில் கடலை பிடுங்கினேன். அதையும் ஏன் செய்தேன் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

அடுத்த உகாதி வந்தது. பெங்களூர்க்காரர் ஊரோடு போய்விட்டார், மில்லுக்கு ஆள் வேண்டும் என்று அந்த வாரத் திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். ஆனால் முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உகாதிக் காலையில் அவரே வண்டி கட்டிக்கொண்டு அந்த அம்மா வீட்டு முற்றத்துக்கு வந்து இறங்கினார். பழைய இடத்தில் கேட்காமல் ஆள் எடுப்பதில்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த அம்மா வாயிலிருந்து ஒரு சொல் கோணலாக வந்தால் போதும், என் எஞ்சின் போயிற்று. நான் முற்றத்தில் மற்ற ஆட்களோடு நின்றிருந்தேன்.

முதலில் தட்டு என்னிடம்தான் வந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வாங்கிக்கோ. இந்த வருஷமும் தெரியாம வாங்கிட்டேன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

"வேணாம்மா. இப்பத் தெரியும்" என்றேன்.

தட்டு அடுத்த ஆளிடம் போனது. எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டுத்தான் அவர் முதலாளி பக்கம் திரும்பினார். ஆள் எப்படி என்று முதலாளி கேட்டார்.

"வெத்தலைக்குக் கட்டுப்பட்ட ஆளு. திங்கக்கிழம மட்டும் ஒண்ணுத்துக்கும் ஆவ மாட்டான்" என்றார் அந்த அம்மா. "உனக்குத் திங்கக்கிழமயும் எஞ்சின் ஓடுமில்ல? கூட்டிக்கிட்டுப் போ."

முதலாளி சிரித்துவிட்டார். தன் மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினார். கை நீளத் துடித்தது. இருந்தாலும் பிடித்து வைத்துக்கொண்டேன்.

"என்ன வேலைக்குங்க?" என்று கேட்டேன்.

"எஞ்சின் பாக்க. வேற எதுக்கு?"

"எத்தன நாளைக்கு?"

"நீ இருக்கற வரைக்கும்."

அதற்குப் பிறகுதான் வாங்கினேன். மெல்லவில்லை. அந்த அம்மாவிடம் போய்வருகிறேன் என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார். எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு ஓடி, அம்மாவின் முன்னால் உட்கார்ந்து வெற்றிலையை அவள் கையில் வைத்தேன். பர்மாவில் நாள் முழுக்க வெற்றிலை போட்டவள் அவள். எவர் நீட்டினாலும் சிரித்துக்கொண்டே வாங்குவாள். பெட்டிக்கு மேல் வெளிச்சம் விழுந்திருந்த இடத்தில் அதை வைத்துப் பார்த்தாள். வாயில் போடவில்லை.

"தம்பி, இது யார் குடுத்தது? எதுக்குக் குடுத்தாங்க?" என்றாள்.

சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு நரம்பைக் கிள்ளி எறிந்தாள். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை.